எழுதுகோல் யார் கையில்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பழைய பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. வளைவுதோறும் கீழேயுள்ள நகரம் சிறுத்துக்கொண்டே போகும். காற்று மெல்லக் குளிரும். கோடைவிழாக் காண வருவோர் ஏரியையும் படகையும் மலர்க்காட்சியையும் கண்டு மகிழ்ந்து, மாலையில் இறங்கிவிடுவர். ஏரிக்கரையோடு மலை முடிந்துவிட்டதென்பது அவர்தம் எண்ணம். ஆனால் சேர்வராயன் மலையின் மெய்யான வாழ்வு அவ்வேரிக்கு அப்பால், குளம்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே, சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் நடைபெறுகின்றது. அவ்வூர்ப் பிள்ளைகள் பயிலும் தொடக்கப் பள்ளிகளையும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளையும் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்கவேண்டியுள்ளது.

அத்தகைய பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் சுவடிகளை வாங்கிப் புரட்டுக. தமிழ்ச் சுவடியில் வினாவும் விடையும் இருக்கும். அறிவியற் சுவடியில், செடியின் உறுப்புகள் யாவை என்னும் வினாவும், வேர், தண்டு, இலை, பூ, காய் என்னும் விடையும் இருக்கும். குமுகவியற் சுவடியில் ஆறுகளின் பெயர்களும் அணைகளின் பெயர்களும் வரிசையாக நிற்கும். கையெழுத்து முத்து முத்தாக இருப்பதும் உண்டு. ஆயினும், அடுத்த பிள்ளையின் சுவடியையும் வாங்கிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். அதே விடை, அதே சொல், அதே இடத்தில் அதே பிழை! அனைத்தும் கரும்பலகையைப் பார்த்துப் படியெடுத்தவை. ஐந்தாண்டுக் காலம் பள்ளிக்கு வந்து ஆயிரக்கணக்கான வரிகளை எழுதியும், தன் உள்ளத்தில் தோன்றிய ஒரு வரியைத் தானே எழுதியறியாத பிள்ளை அவள்.

அவளுக்கு எழுதுவதற்குச் செய்தி இல்லையா? பங்குனியிலோ சித்திரையிலோ முதல் மழை பெய்தபின் எத்தனையாம் நாள் குளம்பிச் செடி வெள்ளை வெளேரெனப் பூக்கும் என்பதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ விடியலில் மலைச்சரிவே மல்லிகைப் பந்தல்போல் மணக்கும். எந்தச் சரிவில் காட்டெருமைக் கூட்டம் இறங்கும், அது வரும்போது எங்கே ஒதுங்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சாமைக் கதிருக்கும் தினைக் கதிருக்கும் வேறுபாடு சொல்ல அவளுக்குப் படம் தேவையில்லை. இத்தனையும் அறிந்தவளைப் பார்த்து, செடியின் உறுப்புகள் ஐந்தையும் மூன்று முறை எழுதி வா என்று பள்ளி சொல்லுகின்றது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொன்னார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். குறிஞ்சி நிலத்துப் பிள்ளையொருத்தி தான் அறிந்த ஒன்பது பூக்களைப் பற்றி ஒன்பது வரி எழுத அவளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோமா?

இம்மலை மக்களின் நிலையை நோக்குவார்க்கு இக்குறை இன்னும் பெரிதாகத் தோன்றும். மலையாளிகள் என்று அவர்க்குப் பெயர். மலையை ஆள்வோர் என்பது அதன் பொருள். கேரளத்தாரோடு இவர்களை மயங்குவாரும் உளர். அவர்க்கும் இவர்க்கும் தொடர்பில்லை. இவர்தம் தாய்மொழி தமிழே. காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்கினார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சவ்வாதுமலை என விரிந்து வாழும் இம்மக்கள் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மூன்றரை இலக்கத்திற்கும் மிகுதியானோர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் இவர்களே பெருந்தொகையினர்.

இவர்களைப் பற்றி எழுதியவர் யாவர்? சேலம் மாவட்டத் தண்டலராக இருந்த காக்பர்ன் 1820-ஆம் ஆண்டையொட்டிக் குளம்பிப் பயிரை இம்மலைக்குக் கொண்டுவந்தார். அவர்க்குப் பின் வந்த வெள்ளை அலுவலர்கள் மாவட்டக் கையேடுகளில் எழுதினர். 1909-இல் எட்கர் தர்சுடன் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு மடலங்கள் வெளியிட்டார். அவற்றிலும் மலையாளிகளுக்கு இடமுண்டு. பின்னர் மாந்தவியலார் வந்தனர், செடிநூலார் வந்தனர், கனிம ஆய்வாளர் வந்தனர். இருநூறாண்டுகளாக இம்மலையைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்தையே நிரப்பும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வந்து போனவர்கள் எழுதியவை. சேர்வராயன் என்னும் பெயரே ஆங்கிலேயர் நாவில் பட்டுச் 'செவராய்' எனச் சிதைந்து, இன்றும் அச்சிதைவோடேயே படங்களில் நிற்கின்றது. தம் மலையின் பெயரைத் தாமே எழுதாத மக்களின் மலைக்குப் பிறர் எழுதுவதே பெயராகிவிடும்.

ஆகவே, பிள்ளைகள் எழுதவேண்டும் என்பதைத் தமிழ்ப் பாடவேளைக்குரிய சிறு பயிற்சியாகக் கருதிவிடக்கூடாது. எழுத்து தமிழாசிரியரின் தனிச்சொத்தன்று. கணக்கிலும் அறிவியலிலும் குமுகவியலிலும் பிள்ளை தன் சொல்லால் எழுதினால்தான் அப்பாடங்கள் அவளுக்குத் தமிழில் புகும். தமிழ்வழிக் கல்வி வேண்டும் என்று முழங்குவோர் பலரும் இதனை நினைந்து பார்ப்பதில்லை. பொத்தகம் தமிழில் இருந்துவிட்டால் மட்டும் கல்வி தமிழ்வழிக் கல்வியாகிவிடாது. விளங்காத தமிழ்ச் சொற்றொடரை நெட்டுருச் செய்வதற்கும் விளங்காத ஆங்கிலச் சொற்றொடரை நெட்டுருச் செய்வதற்கும் பிள்ளையின் மூளையளவில் பெரும் வேறுபாடில்லை. 2013-14 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவியபோது பெற்றோர் பலர் அவற்றை நாடிச் சென்றமைக்குக் கரணியங்கள் பல. தமிழ்வழி வகுப்பிலும் தம் பிள்ளை எண்ணிப் பேசவும் எண்ணி எழுதவும் கற்கவில்லை என்பதை அவர்கள் கண்டமையும் அவற்றுள் ஒன்று.

எழுத்துக்கு மற்றொன்றும் வேண்டும். படிப்பார் வேண்டும். ஆசிரியர் ஒருவரே படித்துச் சரிக்குறியிட்டு மூடிவிடும் எழுத்து, கிணற்றுக்குள் போட்ட கல். தான் எழுதியதைத் தன்னோடு பயிலும் பிள்ளையும், அடுத்த வகுப்பும், தாயும் தந்தையும், அடுத்த ஊராரும் படிப்பர் என்று அறிந்த பிள்ளைதான் சொல்லைத் தேடும். படிப்பவர்க்கு விளங்குமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும். இலக்கண ஆசிரியர் பத்தாண்டு சொல்லியும் புகாத தெளிவு அக்கேள்வியால் புகும்.

இது புதுவதாக எவரோ கண்டுபிடித்த முறையன்று. பிரான்சு நாட்டின் தெற்கே, பார்-சூர்-லூ என்னும் மலையூரில் செலசுத்தேன் பிரெனே என்றோர் ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம் பட்டவர். நெடுநேரம் உரத்துப் பேசிப் பாடம் நடத்த அவரால் இயலவில்லை. (ஆசிரியரின் குரல் ஓய்ந்ததனால் மாணவர் குரல் எழுந்தது போலும்!) அவர் 1924-ஆம் ஆண்டளவில் ஒரு சிறிய அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் தம் சொற்களால் எழுதினர். எது நன்றென்று தாமே தேர்ந்தனர். தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். பின்னர், 1926-இல், நாட்டின் மறுகோடியில், பிரித்தானிக் கடற்கரையில் உள்ள திரெகுங் என்னும் ஊர்ப் பள்ளிக்கு அத்தாள்களை அனுப்பினர். அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலைப்பிள்ளைகள் கடலைப் படித்தனர். கடற்பிள்ளைகள் மலையைப் படித்தனர். கணக்கையும் அவர் ஊர் வாழ்விலிருந்தே எடுத்தார். விளைச்சலும் விலையும் அளவும் நிறையுமே கணக்குகளாயின. அவர் வகுப்பில் எழுத்து ஒரு பாடமாக நிற்கவில்லை. எல்லாப் பாடங்களும் எழுத்தின் வழியே வந்தன.

இத்தாலி நாட்டில், புளோரன்சு நகருக்கு வடக்கேயுள்ள மலைகளில், பார்பியானா என்னும் சிற்றூர் உண்டு. உலொரென்சோ மிலானி என்னும் பாதிரியார் 1954-இல் அங்கு அனுப்பப்பெற்றார். தேர்வில் தோற்றுப் பள்ளியை விட்டு விலக்கப்பட்ட ஏழை உழவர் பிள்ளைகளுக்கு அவர் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தினார். அப்பிள்ளைகளுள் எண்மர் கூடி எழுதிய நூல் 1967-இல் வெளிவந்தது. தம்மைத் தோல்வியுறச் செய்த ஆசிரியை ஒருவர்க்கு எழுதிய மடலாக அது அமைந்தது. அவர்கள் அதனை எழுதிய முறை அறியத்தக்கது. ஒவ்வொருவரும் தோன்றிய கருத்தைத் தனித்தனிச் சிறு தாளில் குறித்தனர். ஒத்த தாள்களை ஒன்றுசேர்த்து அடுக்கினர். அடுக்குகள் இயல்களாயின. பின்னர்த் தேவையற்ற சொற்களை ஒவ்வொன்றாகக் களைந்தனர். எத்தனை ஏழைப் பிள்ளைகள், எந்த வகுப்பில், எவ்வளவு விழுக்காடு தோற்கடிக்கப்பட்டனர் என்பதற்குக் கணக்குப் பட்டியல்களையும் தாமே வகுத்து அதில் சேர்த்தனர். அதே மடலில் கணக்கும் இருந்தது, குமுகவியலும் இருந்தது, மொழியும் இருந்தது. படிக்க இலாயக்கற்றவர் என்று ஒதுக்கப்பட்ட மலைப்பிள்ளைகள் எழுதிய அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

அயலாரை மட்டும் சொல்லுவானேன்? சேலம் மாவட்டத்துச் சமுத்திரத்தில் 1933-இல் பிறந்த பாவலரேறு பெருஞ்சித்திரனார், பள்ளியில் பயிலும் பருவத்திலேயே 'குழந்தை' என்றும் 'மலர்க்காடு' என்றும் கையெழுத்து ஏடுகளை நடத்தினார். 1959-இல் தென்மொழியும், பின்னர்ச் சிறுவர்க்கெனத் தமிழ்ச்சிட்டும் அவரிடமிருந்து பிறந்தன. அவற்றுக்கு முன்னோடி, ஒரு மாணவன் தன் தோழர்க்காகக் கையால் எழுதித் தைத்த தாள்கள். அன்று எவரேனும், 'படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே' என்று அவற்றைப் பிடுங்கிக் கிழித்திருந்தால்?

சேர்வராயன் மலைப்பள்ளிகளில் இது எவ்வாறு நடக்கக்கூடும் என்பதைக் கணக்குப் பாடத்திலிருந்தே பார்க்கலாம். ஐந்தாறு கிலோக் குளம்பிப் பழம் தோல் நீங்கி, உலர்ந்து, உமி நீங்கினால் ஏறத்தாழ ஒரு கிலோக் கொட்டை தேறும். தாய் ஒரு நாளில் பறித்த பழம் எவ்வளவு? அதற்குக் கிடைத்த கூலி எவ்வளவு? அப்பழம் கொட்டையாகிக் கடைக்குப் போனபின் அதன் விலை எவ்வளவு? இவ்வெண்களைப் பிள்ளையே கேட்டறிந்து கணக்காக அமைத்து, விடை கண்டு, அவ்விடையின் பொருளை இரண்டு வரியில் எழுதட்டும். விகிதமும் விழுக்காடும் அப்போது அவளுக்கு வீட்டுச் செய்தியாகிவிடும். அவள் அமைத்த கணக்கை அடுத்த பிள்ளை போடட்டும். தவறு இருந்தால் கணக்கை அமைத்தவளிடமே போய்ச் சண்டையிடட்டும். அச்சண்டையைவிடச் சிறந்த கணக்கு வகுப்பு உண்டோ?

அறிவியலில், முதல் மழை பெய்த நாளைச் சுவரில் தொங்கும் தாளில் குறித்துவைத்துப் பூ மலரும் நாள்வரை நாளொரு வரி எழுதலாம். மொட்டு எந்நாள் வெளுத்தது, வண்டும் தேனீயும் எந்நாள் மிகுந்தன, பூ எத்தனை நாளில் வாடியது? இவ்வாறு ஐந்தாண்டு தொடர்ந்து எழுதப்பட்ட தாள்கள் ஒரு பள்ளியில் இருக்குமாயின், மழைக்காலம் முன்பின் மாறிவரும் இந்நாளில், ஆராய்ச்சியாளரே அவற்றைத் தேடி வருவர். குமுகவியலிலோ கைக்கெட்டும் தொலைவில் பெரும்பாடம் கிடக்கின்றது. இம்மலையிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட பாக்சைட்டு மண் மேட்டூரிலிருந்த அலுமினிய ஆலைக்குச் சென்றது. அந்நிலம் முன்பு எப்படி இருந்தது, வேலை யார்க்குக் கிடைத்தது, நீரூற்று என்னவாயிற்று என்று பாட்டனாரைக் கேட்டு எழுதிவரும் பிள்ளை, வரலாறு என்பது அரசர் பெயர்ப்பட்டியல் என்று ஒருபோதும் எண்ணாது. ஆண்டுதோறும் வைகாசியில் மலையுச்சிக் குகைக் கோயிலில் சேர்வராயனுக்கு எடுக்கும் விழாவைப் பற்றி எழுதச் சொன்னாலோ தாள் போதாது!

இனிச் சொல்லவேண்டியது சிலர்க்குக் கசக்கலாம். தூயதமிழ்ப் பற்றுடைய ஆசிரியர்களின் சிவப்பு மையைப் பற்றியது அது.

எட்டு அகவைப் பிள்ளை, 'எங்கம்மா காப்பிப் பழம் பறிக்கப் போனாங்க' என்று எழுதிக் கொண்டுவருகின்றது. பற்றுமிக்க ஆசிரியர் 'எங்கம்மா'வை அடித்து 'என் அன்னையார்' என்கிறார். 'காப்பி'யை அடித்துக் 'குளம்பி' என்கிறார். 'போனாங்க' அடிபட்டுச் 'சென்றார்' ஆகின்றது. திருத்தி முடிந்தபோது அத்தொடரில் ஆசிரியர் இருக்கிறார், இலக்கணம் இருக்கின்றது, தூய்மை இருக்கின்றது. பிள்ளை மட்டும் இல்லை. அதன் தாயும் இல்லை. மறுநாள் அப்பிள்ளை எழுதாது. கரும்பலகையைப் பார்த்துப் படியெடுப்பதே அச்சமற்ற வழி என்று கண்டுகொள்ளும். வடமொழி மேலென்று சொல்லித் தமிழன் வாயை அடைத்தவர்களின் செயலுக்கும் இதற்கும் அந்தப் பிள்ளையின் நோக்கில் என்ன வேறுபாடு?

குளம்பி என்னும் சொல்லைக் கற்பிக்கவேண்டா என்பதன்று கருத்து. கொட்டையின் வடிவம் குளம்பைப் போன்றிருப்பதனால் அப்பெயர் என்று சொன்னால், கையில் கொட்டையோடு திரியும் மலைப்பிள்ளை ஒரு நொடியில் அதனைப் பிடித்துக்கொள்ளும். நகரத்துப் பிள்ளையைவிட அதற்கே அச்சொல் உரியது. அடுத்த கட்டுரையில் தானாகவே எழுதும். முதலில் எழுத்து வரட்டும், ஓடட்டும். ஓடும் நீரைத்தான் வாய்க்காலில் திருப்பமுடியும். ஐந்து வரியில் ஒரு சொல்லை மட்டும், அதுவும் பிள்ளையோடு பேசி, மாற்றினால் போதும். ஆங்கிலச் சொல் புகுந்த இடத்தில், 'உன் பாட்டி இதனை என்னவென்பார்?' என்று கேட்டனுப்பினால், ஆசிரியரே அறியாத தமிழ்ச் சொல்லொன்று மறுநாள் வகுப்புக்கு வரவும்கூடும். பலரும் காட்டெருமை என்று சொல்லும் விலங்கை ஆமா என்று கழக நூல்கள் குறிக்கின்றன. அச்சொல்லை மட்டுமே அறிந்த புலவர்க்கு அவ்விலங்கு தெரியாது. விலங்கை அறிந்த பிள்ளைக்கு அச்சொல் தெரியாது. இவ்விருவரும் ஒரே வகுப்பறையில் இருந்தும் ஒருவர்க்கொருவர் கொடுத்துக்கொள்ளாமல் பிரிவது எத்துணைப் பேரிழப்பு!

மொழிஞாயிறு பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். சென்னைப் பல்கலைக்கழக அகராதியில் விடுபட்ட உலக வழக்குச் சொற்களை எடுத்துக்காட்டி அவர் வாதாடியதை எவரும் மறுக்கவியலாது. நாட்டுப்புறத்தார் வாய்ச்சொல் அவர்க்குக் கருவூலம். 1974-இல் அவரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணிக்கு அடிப்படையும் அதுவே. மலைப்பிள்ளைகள் தம் பேச்சிலேயே எழுதும் சுவரேடுகள், அத்தகைய தொகுப்புக்கு என்றும் வற்றாத ஊற்றாகும். அடித்துத் திருத்தப்பட்ட சுவடியில் அகராதிக்காரர்க்கு ஒன்றும் அகப்படாது.

ஆசிரியர்க்கு நேரமேது என்று கேட்பர். கேள்வி நேர்மையானதே. ஓரிரு ஆசிரியரே ஐந்து வகுப்பையும் நடத்தும் பள்ளிகள் மலையில் உண்டு. பதிவேடுகளும் கணினியில் ஏற்றவேண்டிய புள்ளிகளும் அவர்தம் நாளைத் தின்கின்றன. ஆனால் படியெடுத்த நூறு பக்கங்களுக்குச் சரிக்குறியிடும் நேரத்தில் ஒரு பகுதி போதும், பிள்ளைகள் தாமே எழுதிய பத்து வரிகளைப் படிக்க. பல வகுப்புகள் ஒன்றாக அமர்ந்திருப்பதும் இங்கு நன்மையே. ஐந்தாம் வகுப்பு எழுதியதை மூன்றாம் வகுப்பு படிக்கும். மூன்றாம் வகுப்பு சொல்வதை ஐந்தாம் வகுப்பு எழுதித்தரும். 2007-08-இல் தமிழ்நாடெங்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. அருமையான ஏற்பாடு. எழுதியது மாலையில் அழிந்துபோவது ஒன்றே அதன் குறை. அதே உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டித் தாள்களைத் தொங்கவிட்டால் அக்குறையும் தீரும்.

பள்ளிக்கல்வித் துறை 2022-இல் நான்கு, ஐந்தாம் வகுப்பினர்க்கென 'ஊஞ்சல்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியது பாராட்டத்தக்கது. எனினும், மாநிலம் முழுமைக்கும் ஓர் இதழ் என்றால் ஒரு பிள்ளையின் எழுத்து அதில் ஏறுவது அரிது. ஊருக்கு ஓர் ஏடு வேண்டும். ஏற்காட்டில் புகழ்வாய்ந்த ஆங்கிலவழி உறைவிடப் பள்ளிகள் உள்ளன. அவற்றுள் சில நூறாண்டு கடந்தவை. தொலைவூர்களிலிருந்து பிள்ளைகள் வந்து அங்குப் பயில்கின்றனர். அத்தகைய பள்ளிகளில் மாணவர் எழுத்து வழுவழுப்பான தாளில் ஆண்டுமலராக வருவது வழக்கம். மலைக்குரிய பிள்ளைகளின் எழுத்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்திலேனும் வரட்டும்.

தொடங்குவதற்கு ஓர் எளிய வழி உண்டு. திருமறைக்காட்டுப் பக்கத்தில் உப்பளத் தொழிலாளர் பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் இருக்கின்றன. அப்பிள்ளைகள் மிளகுக் கொடியைக் கண்டிரார். இம்மலைப் பிள்ளைகளுள் பலர் கடலைக் கண்டிரார். இருசாரார் வீட்டுக் குழம்பிலும் உப்பும் மிளகும் இருக்கின்றன. தை பிறந்து மழை விலகியதும் அங்கே பாத்தி கட்டும் பணி தொடங்கும். அந்நாளில் இங்கே குளம்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். இரண்டு பள்ளித் தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டால், அத்திங்களிலேயே முதல் உறை போகலாம். உள்ளே என்ன எழுதவேண்டும் என்று ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை. 'உங்கள் ஊர் உப்பு எப்படி விளைகிறது? எத்தனை நாளாகும்? உங்கள் அம்மாவுக்கு என்ன கூலி?' என்று பிள்ளைகளே கேட்டுக்கொள்வார்கள்.